சீட்டா ஷேரா? மிச்சம் ஆகற காசை எதுல போடறதுன்னு கேக்கற தம்பிகளுக்கு

எங்க பக்கம் சீட்டுன்னா மூணு சீட்டு இருக்குங்க. மாசாமாசம் கட்டற ஏலச்சீட்டு ஒண்ணு, மலையாளத்துல சிட்டின்னும் குறின்னும் சொல்லுவாங்க. வாளையார் ரோட்டோரக் கடையில வரிசையா கிளிப் மாட்டித் தொங்கற லாட்டரிச் சீட்டு ரெண்டாவது. கையில விரிச்சுப் புடிச்சு ஆடற சீட்டு மூணாவது. இப்ப ஷேரும் வந்து அதே கூட்டத்துல சேந்துக்கிச்சு, கேட்டா எல்லாமே ரிஸ்க்தானே அண்ணாங்கறாங்க.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், பாலக்காடு மாவட்டத்துல தமிழ்நாட்டு பார்டர் பக்கம், வேலை கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல. சனிக்கிழமை ராத்திரி நாங்க ஆறு பேர் உக்காந்து போக்கர்ங்கற சீட்டாட்டம் ஆடுவோம், பிளாஸ்டிக் சிப்ஸ் மட்டும்தான், காசு கிடையாது, ஒன்பது வருஷமா நடக்குது. பல பேர் காசைச் சேத்து ஷேர் வாங்கற மியூச்சுவல் ஃபண்டுல மாசாமாசம் போட ஆரம்பிச்சு பன்னெண்டு வருஷம் ஆச்சு. அதனால புதுசா வேலைக்குச் சேர்ற பசங்க எங்கிட்ட வந்து கேப்பாங்க, "அண்ணா, மாசம் அஞ்சாயிரம் மிச்சமாகுது, ஷேர்ல போடட்டுமா, இல்ல போக்கரை ஒழுங்காக் கத்துக்கிட்டு அதுல போடட்டுமா?" டீக்கடையில ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா சொன்னதை ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னுதான் இது.

முடிவை முதல்லயே சொல்லிடறேன். போக்கருக்குப் போற காசு செலவு, சினிமாவுக்கும் பைக் டிரிப்புக்கும் போற மாதிரி. ஷேருக்குப் போற காசு வெதநெல்லு. எதுல லாபம் ஜாஸ்தின்னு ரெண்டையும் ஒரே தராசுல வெச்சா அங்கயே தப்பு ஆரம்பிச்சுடுது. வெதநெல்லை எடுத்து வெச்சதுக்கு அப்பறம் பொழுதுபோக்குக்கு எவ்வளவு தாங்கும்னு கேளுங்க, அதுதான் கேக்க வேண்டிய கேள்வி.

முதல்ல, காசு எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சுக்குங்க

இது புரியாம மத்த எதையும் படிக்க வேண்டாம், இதுல கொஞ்ச நேரம் நிக்கறேன்.

ஆறு பேர் ஆளுக்கு நூறு தேங்காய் கொண்டுவந்து நடுவுல கொட்டி சீட்டாடறோம்னு வெச்சுக்குங்க. விடிய விடிய ஆடினாலும் காலையில எண்ணிப் பாத்தா அறுநூறு தேங்காய்தான், அறுநூத்தி ஒண்ணு ஆகாது. உங்களுக்கு ஐம்பது ஜாஸ்தின்னா யாரோ ஒருத்தருக்கு ஐம்பது கம்மி. போக்கர்ல நீங்க ஜெயிக்கற ஒவ்வொரு ரூபாயும் எதிர்ல உக்காந்திருக்கறவன் பாக்கெட்டுல இருந்துதான் வரணும், வேற வழியே கிடையாது.

அதுலயும் கேசினோவா இருந்தா டேபிள் நடத்தறவங்க ஒவ்வொரு ஆட்டத்துலயும் நடுவுல சேர்ற காசுல ஒரு பங்கு எடுப்பாங்க, அதுக்கு ரேக்குன்னு பேரு. கணக்குப் போட்டுக் காட்டறேன். ஆறு பேர், ஆளுக்கு 1,000 ரூபா, மொத்தம் 6,000. ஒரு கைக்கு, அதாவது ஒரு ஆட்டத்துக்கு, சராசரியா 200 ரூபா நடுவுல சேருது, அதுல 5 சதவீதம்னா 10 ரூபா. மணிக்கு 25 கை ஓடுது, நாலு மணி நேரம்னா 100 கை, ஆக 1,000 ரூபா போச்சு. அதாவது ஒருத்தன் கொண்டுவந்த மொத்தக் காசும் யார்கிட்டயும் தோக்காமலே டேபிளை விட்டுப் போயிடுச்சு. அஞ்சு பேர் காசை ஆறு பேர் பங்கு போட்டுக்கறோம். நல்லா ஆடினா மட்டும் பத்தாது, ரேக்கைத் தாண்டி ஜெயிக்கற அளவுக்கு ஆடணும், பெரும்பாலான ஆளுங்களால அது முடியறதில்லை.

ஷேர்ங்கறது தோப்புல பங்கு வாங்கற மாதிரி. பொள்ளாச்சி பக்கம் ஒரு தோப்புல நூறுல ஒரு பங்கு உங்களுதுன்னா, மரம் காய்ச்சா உங்களுக்கும் காய் வரும், அதுக்காக பக்கத்துப் பங்காளி நஷ்டப்பட வேண்டியதில்லை. வெள்ளை ஈ வந்தா காய்ப்பு விழும், வேர்வாடல் வந்தா மரமே போகும், தேங்காய் வெலை படுத்தா ரெண்டு வருஷம் கண்ணீர்தான், எல்லாம் உண்மை. ஆனா காய்க்கறதுக்குன்னு ஒரு மரம் அங்க நிக்குது. கம்பெனி பொருள் செஞ்சு வித்து சம்பாதிக்குது, அந்தக் காசு வெளியில இருந்து உள்ள வருது. சீட்டாட்ட டேபிள்ல மரமே கிடையாது. ரெண்டும் ரிஸ்க்குதான்னாலும் ரெண்டும் ஒண்ணு கிடையாதுன்னு நான் சொல்றது இதனாலதான்.

காசு போடறதுக்கு முன்னாடி

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தா முதல்ல அதை அடைங்க, வருஷத்துக்கு 36, 40 சதவீதம்னு வட்டி போட்டுட்டு இருப்பான், எந்த ஷேரும் எந்தச் சீட்டும் அந்த வட்டியை ஜெயிக்காது. அப்பறம் ஆறு மாச வீட்டுச் செலவு பேங்க்ல தனியா இருக்கணும். குடும்பத்துக்கு ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ். கேரளா அரசு நடத்தற கேஎஸ்எஃப்இ சிட்டி ஏதாவது கட்டிட்டு இருந்தீங்கன்னா பாதியில விடாதீங்க, முடிச்சுட்டு வாங்க. இதெல்லாம் முடியாத வரைக்கும் ஷேரும் வேண்டாம் கோவா கேசினோவும் வேண்டாம், சனிக்கிழமை வந்து சிப்ஸ் வெச்சு ஆடுங்க, அதுக்கு ஒரு பைசா செலவில்லை.

ரெண்டு பை தெய்ங்க

மிச்சமாகற காசுல பத்துல ஒரு பங்கு பொழுதுபோக்குக்கு, மீதி ஒன்பது பங்கு வெதநெல்லு. இது நான் எனக்கு வெச்சுக்கிட்ட கணக்கு, நீங்க இருபதுல ஒண்ணுன்னு வெச்சாலும் சரி, ஆனா பத்துல ஒண்ணைத் தாண்டாதீங்க. மாசம் 5,000 மிச்சம்னா 500 ரூபா போக்கர் பை, 4,500 ஷேர் பை. ரெண்டும் வேற வேற பேங்க் அக்கவுண்டுல இருக்கறது நல்லது. நான் போக்கர் காசை இன்னும் பழைய பிஸ்கெட் டப்பாவுலதான் போடறேன், வாரம் 250 ரூபா, கண்ணுக்கு முன்னாடி நோட்டா இருந்தா எவ்வளவு இருக்கு எவ்வளவு இல்லைன்னு மனசுக்கு நல்லாத் தெரியுது.

முக்கியமான விதி ஒண்ணு. போக்கர் பை காலியானா அடுத்த மாசம் வரைக்கும் காலியாவே கிடக்கட்டும், ஷேர் பையில இருந்து எடுத்து ரொப்பக் கூடாது. ஜெயிச்ச காசு இந்தப் பக்கம் வரலாம், வெதநெல்லு அந்தப் பக்கம் போகவே கூடாது. கதவு ஒரு பக்கம்தான் தொறக்கணும்.

4,500 ரூபாயை மாசாமாசம் பத்து வருஷம் போட்டா நீங்க கட்டினது 5 லட்சத்து 40 ஆயிரம். வருஷத்துக்கு 10 சதவீதம் வளந்தா சுமாரா 9 லட்சத்து 29 ஆயிரம் ஆகும். 10 சதவீதம்ங்கறது உறுதி கிடையாது, கணக்குக்காக வெச்சது, கம்மியாவும் வரலாம்.

ஷேர் பக்கம்: எப்படி ஆரம்பிக்கறது

இது சுலபம், சீக்கிரம் சொல்லிடறேன். பான் கார்டு, ஆதார், பேங்க் அக்கவுண்ட், ஆதாரோட சேத்த மொபைல் நம்பர் இருந்தா வீட்டுல உக்காந்தே டிமேட் அக்கவுண்ட், அதாவது ஷேரை வெச்சுக்கற கணக்கு, தொறந்துடலாம். ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கற அரசு அமைப்பு செபி, அதுல பதிவு இருக்கற புரோக்கரான்னு செபி வெப்சைட்ல பாத்துக்குங்க. நாமினி பேரை அன்னிக்கே போட்டுருங்க, அப்பறம் போடலாம்னு விட்டா விட்டதுதான். மியூச்சுவல் ஃபண்ட் மட்டும் போதும்னா டிமேட் கூடத் தேவையில்லை.

புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது ஒரே ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட், டைரக்ட் பிளான் (ஏஜெண்ட் கமிஷன் இல்லாதது), குரோத் ஆப்ஷன் (லாபம் வெளிய வராம உள்ளயே வளர்றது), மாசம் ஒரு தேதியில எஸ்ஐபி, அதாவது தானா காசு போற ஏற்பாடு. நாட்டுல இருக்கற பெரிய 50 கம்பெனியில கொஞ்சம் கொஞ்சம் பங்கு, ஒரே தோப்பை நம்பாம ஐம்பது தோப்பு. சம்பளம் 1ஆம் தேதின்னா எஸ்ஐபி 3ஆம் தேதி வெச்சுருங்க, மாசக் கடைசியில மிஞ்சினதைப் போடறேன்னா மிஞ்சவே மிஞ்சாது.

கீழ விழும், விழறப்ப ரொம்பப் பயமா இருக்கும், அதை மறைக்க மாட்டேன். 2020 ஜனவரியில 12,400 பக்கம் இருந்த நிஃப்டி (அந்த 50 கம்பெனி ஷேர் வெலை நிலவரத்தைக் காட்டற எண்) மார்ச் 24ஆம் தேதி 7,511 வரைக்கும் போச்சு, ரெண்டே மாசத்துல கிட்டத்தட்ட நாப்பது சதவீதம் காலி. நவம்பர்ல பழைய இடத்துக்கு வந்துருச்சு. ஆனா எல்லாத் தடவையும் அப்படிச் சீக்கிரம் வராது. 2008 ஜனவரியில 6,300ஐத் தாண்டி இருந்தது அக்டோபர்ல 2,252 வரைக்கும் எறங்குச்சு, அந்த உயரத்தை நிலையாத் தாண்ட ஏறக்குறைய 2013, 2014 வரைக்கும் ஆச்சு. அதனால அஞ்சாறு வருஷத்துக்குள்ள கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ தேவைப்படற காசை இதுல வெக்காதீங்க.

ஷேர் மார்க்கெட்டுக்குள்ளயே ஒரு சீட்டாட்ட டேபிள் இருக்கு

இதைச் சொல்றதுக்குத்தான் எழுதவே உக்காந்தேன். எஃப் அண்ட் ஓன்னு ஒண்ணு இருக்கு, ஆப்ஷன், ஃபியூச்சர், பின்னாடி வர்ற ஒரு தேதியோட வெலையை வெச்சுப் போடற ஒப்பந்தம். அது வந்ததே வெலை ஏத்த எறக்கத்துக்குப் பாதுகாப்பா வெச்சுக்கறதுக்குத்தான், ஆனா நம்ம பசங்க அதை வாராவாரம் அந்த ஒப்பந்தம் முடியற எக்ஸ்பைரி அன்னிக்கு ஆல் இன்னு, கையில இருக்கற மொத்தத்தையும் போடற டேபிளா ஆக்கிட்டாங்க. அங்கயும் ஒருத்தன் லாபம் இன்னொருத்தன் நஷ்டம், நடுவுல புரோக்கரேஜும் வரியும் ரேக் மாதிரி போயிட்டே இருக்கும். 2021-22ல இருந்து 2023-24 வரைக்கும் மூணு வருஷக் கணக்கை செபியே எடுத்து 2024 செப்டம்பர்ல வெளியிட்டுச்சு. தனிநபரா எஃப் அண்ட் ஓ ஆடினவங்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல போயிருக்கு, சராசரியாத் தலைக்கு சுமாரா 2 லட்சம். அடுத்த வருஷக் கணக்கு எடுத்தப்பவும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்தான். சரி, எஃப் அண்ட் ஓ வேண்டாம், ஷேரையே காலையில வாங்கி சாயங்காலம் விக்கறேன்னா, அதுலயும் பத்துல ஏழு பேர் 2022-23ல நஷ்டப்பட்டிருக்காங்கன்னு செபி தனியா ஒரு கணக்கு எடுத்துச்சு.

எங்க சித்தப்பா பையன், கோயமுத்தூர்ல வேலை. 2021 லாக்டவுன் சமயத்துல போன்ல ஒரு ஆப்ல போக்கர் ஆடிட்டு இருந்தான், முதல் மாசம் 40,000 ஜெயிச்சான். அடுத்த மாசம் எஸ்ஐபியை நிறுத்திட்டு அந்தக் காசையும் அங்க போட்டான், நாலு மாசத்துல எல்லாம் போச்சு, விட்டதை ஷேர் மார்க்கெட்டுல புடிக்கறேன்னு ஆப்ஷன்ல எறங்கினான், எங்க யாருக்கும் தெரியாது, பொண்டாட்டி செயினை அடகு வெச்சதுக்கு அப்பறம்தான் வீட்டுக்கே தெரிஞ்சுது. மொத்தம் மூணு லட்சத்துக்கு மேல. அடச்சு முடிக்க ரெண்டரை வருஷம் ஆச்சு அவனுக்கு. ஃப்ளஷ்னா என்ன ஸ்ட்ரெயிட்னா என்னன்னு அவனுக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான். எங்க நிறுத்தணும்னு அன்னிக்கு சொல்லிக்குடுக்கலை. அது இன்னும் மனசுல கெடக்குது.

போக்கர் பக்கம்: எங்க ஆடலாம், எங்க கூடாது

முன்னாடி எல்லாம் நம்ம ஊர்ல பார்டரைத் தாண்டினா சட்டமே மாறும். ஆந்திரா 2020லயே ஆன்லைன் ரம்மி போக்கரைத் தடுத்துச்சு. கேரளா அரசு 2021ல ஆன்லைன் ரம்மிக்குத் தடை போட, அதே வருஷம் ஹைகோர்ட் அதை எடுத்துருச்சு. தமிழ்நாடு 2022ல சட்டம் கொண்டுவந்துச்சு, 2023 நவம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட் அதுல ரம்மி போக்கர் பத்தின பகுதியை மட்டும் ரத்து பண்ணுச்சு. பார்டர்ல இருக்கற வேலந்தாவளத்துல ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு இருந்த காலம் அது.

2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல பாஸான ஆன்லைன் கேமிங் சட்டத்தோட அந்தக் குழப்பம் முடிஞ்சுது. திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, காசு கட்டி ஆன்லைன்ல ஆடறது நாடு பூரா கூடாது. நடத்தறவங்களுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம், பேங்க்கும் அதுக்குப் பணம் அனுப்பக் கூடாது. ஆடறவங்களுக்கு அந்தச் சட்டத்துல தண்டனை இல்லை, அதை வெச்சு டெலிகிராம்ல வர்ற வெளிநாட்டு ஆப் லிங்க்கைத் தொடாதீங்க, அங்க உங்க காசு மாட்டினா கேக்க நாதி கிடையாது. ஏற்கனவே மாட்டியிருந்தா 1930க்கு உடனே போன் பண்ணுங்க, சைபர் மோசடிக்குன்னு இருக்கற நம்பர் அது.

வீட்டுல காசு வெச்சு ஆடலாமான்னும் கேப்பாங்க. கேரளாவுல 1960 கேமிங் சட்டம், தமிழ்நாட்டுல 1930 கேமிங் சட்டம், ரெண்டும் இன்னும் உயிரோட இருக்கு. வீட்டுக்காரர் டேபிளுக்குக் கமிஷன் எடுத்தா அந்த வீடு சூதாட்ட வீடுன்னு ஆயிடும், போலீஸ் வந்தா ஆடிட்டு இருந்தவங்களையும் சேத்துத்தான் கூட்டிட்டுப் போவாங்க, கவர்மெண்ட் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போற பையன் ஒரு கேஸை வாங்கிக்கணுமா. அதனாலதான் எங்க டேபிள்ல வெறும் சிப்ஸ்.

காசு வெச்சு ஒரு தடவையாவது ஆடிப் பாக்கணும்னு ஆசை இருந்தா கோவா இருக்கு, அங்க லைசென்ஸ் வாங்கின கேசினோ மாண்டவி ஆத்துல கப்பல்லயே நடக்குது. நாங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஷொரணூர் வழியா கொங்கன் லைன்ல மட்காவ் போயிட்டு வருவோம். உள்ள நுழையற கட்டணம், டேபிள்ல உக்கார குறைஞ்சபட்சம் எவ்வளவு, இதெல்லாம் போன் பண்ணி முன்னாடியே கேட்டுக்குங்க. டிரெயின், ரூம், சாப்பாடு எல்லாம் டப்பாக் காசுலதான் வரணும், ஏடிஎம் கார்டை ரூம்ல கூட வெக்காதீங்க, ஊர்லயே விட்டுட்டுப் போங்க.

ஆட்டத்தைக் கத்துக்கறது

இது ரொம்ப அழகான ஆட்டங்க, நான் அதைக் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். டெக்சாஸ் ஹோல்டம்ல உங்க கையில ரெண்டு சீட்டு, நடுவுல அஞ்சு சீட்டு, அவ்வளவுதான், ஆனா கணக்கு அடியில ஓடிட்டே இருக்கும். கையில ரெண்டு ஆஸ் வர்றது 221 கைக்கு ஒரு தடவை, எங்க வேகத்துக்கு ரெண்டு சனிக்கிழமைக்கு ஒருக்கா. அவ்வளவு அருமையா வந்த ஆஸ் ஜோடியும் ராஜா ஜோடிகிட்ட நூறுல சுமாரா 18 தடவை தோக்கும். நீங்க ஒரு தப்பும் பண்ணலை, இருந்தாலும் தோப்பீங்க. இதை மனசு ஏத்துக்கறதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

இன்னொரு கணக்கு. நடுவுல மூணு சீட்டு தொறந்தாச்சு, உங்களுக்கு ஒரே ஜாதியில நாலு சீட்டு, இன்னும் ஒண்ணு வந்தா ஃப்ளஷ், வர வாய்ப்பு இனி தொறக்கற ரெண்டு சீட்டும் சேத்து சுமாரா 35 சதவீதம். எதிராளி ஆல் இன் போட்டுட்டான், அதையும் சேத்து நடுவுல 300 கிடக்கு, நீங்க 100 போடணும். 400ல 100ன்னா நாலுல ஒண்ணு, 25 சதவீதம் வாய்ப்பு இருந்தாலே போடலாம், உங்களுக்கு 35 இருக்கு, போடுங்க. தோத்தாலும் அது சரியான முடிவு. அதே இடத்துல நடுவுல 120தான் இருக்குன்னா 220க்கு 100, 45 சதவீதம் வேணும், மடிச்சு வெச்சுடுங்க.

முடிவு வேற, அந்த முடிவால வந்த பலன் வேற. ஷேர்லயும் இது அப்படியே உதவும். 2020 ஏப்ரல்ல கண்ணை மூடி வாங்கினவனுக்கும் லாபம் வந்துச்சு, அதனால அவன் கெட்டிக்காரன்னு ஆயிடாது. அப்பறம் தோத்ததும் வர்ற கோபம், அதுல அடுத்த கைக்குக் கண்ணை மண்ணைக் கட்டிட்டுப் போடறது, போக்கர்ல டில்ட்னு சொல்லுவாங்க, ஷேர் எறங்கறப்ப கூடக் கூடப் போட்டு சராசரி பண்றேன்னு நிக்கறதும் பல நேரம் அதேதான். ஆனா இது உதவுதுங்கறதுக்காக போக்கரை முதலீடுன்னு சொல்லிக்காதீங்க. தொழிலாவே ஆடறவங்க ஒரு டேபிளுக்கு ஆகற காசைப்போல குறைஞ்சது இருபது முப்பது மடங்கு தனியா வெச்சுட்டுத்தான் உக்காருவாங்க, சரியான ஆட்டத்துலயே மாசக்கணக்குல தோல்வி வரும்னு அவங்களுக்குத் தெரியும். நம்மகிட்ட அந்த முப்பது மடங்கு இல்லை.

வரி

ஷேரை, ஷேர் ஃபண்டை ஒரு வருஷத்துக்கு மேல வெச்சு வித்தா வருஷத்துக்கு 1.25 லட்சம் வரைக்கும் லாபத்துக்கு வரி இல்லை, அதுக்கு மேல 12.5 சதவீதம். ஒரு வருஷத்துக்குள்ள வித்தா 20 சதவீதம். நஷ்டம் வந்தா எட்டு வருஷம் வரைக்கும் அடுத்தடுத்த லாபத்துல கழிச்சுக்கலாம், ரிட்டர்ன் நேரத்துக்குப் போட்டிருக்கணும். சீட்டாட்டத்துல ஜெயிச்சதுக்கு நேரா 30 சதவீதம், அந்த வரிக்கு மேல செஸ்னு கொஞ்சம் கூடுதல் வரி. அதுல கொடுமை என்னன்னா தோத்ததைக் கழிக்க முடியாது. வருஷத்துல 60,000 ஜெயிச்சு 70,000 தோத்தா உங்க கையில 10,000 நஷ்டம், இருந்தாலும் 60,000க்கு 18,000 ரூபா வரி. லாட்டரிக்கும் இதே கதைதான். 2023 ஓணம் பம்பர் 25 கோடி வாளையார்ல வித்த சீட்டுக்கு விழுந்து, திருப்பூர் பக்கத்து ஆளுங்க நாலு பேர் கூட்டா எடுத்தாங்க, அன்னில இருந்து இங்க 500 ரூபா சீட்டுக்கு வர்ற கூட்டம் சொல்லி மாளாது.

நோட்டு ஒண்ணு போடுங்க

ரெண்டு பக்கம். ஒரு பக்கம் எஸ்ஐபி போட்ட தேதி, தொகை. இன்னொரு பக்கம் போக்கருக்குப் போனது வந்தது, தோத்ததை மறைக்காம எழுதுங்க, வேற யாரும் பாக்கப் போறதில்லை. தொகையைக் குறைச்சு எழுதத் தோணுதுன்னா, வீட்டுல பொய் சொல்ற நெலமை வந்துச்சுன்னா, கடன் வாங்கி ஆடினீங்கன்னா, அன்னிக்கே ஆட்டத்தை நிறுத்திட்டு யார்கிட்டயாவது வாய் விட்டுப் பேசுங்க. 14416ன்னு டெலி மானஸ், அரசோட மனநல உதவி நம்பர் இருக்கு, காசு வாங்க மாட்டாங்க, தமிழ்லயும் மலையாளத்துலயும் பேசுவாங்க. என் தம்பிக்கு அப்ப இது தெரியாது.

டப்பாவுல இன்னிக்கு எண்ணினேன், 19,750 இருக்கு, இன்னும் ஆறு மாசத்துல கோவா. சனிக்கிழமை ஆட வர்றவங்க எட்டு மணிக்கு வாங்க, காசு எதுவும் எடுத்துட்டு வர வேண்டாம், அந்த மாசம் எஸ்ஐபி போன மெசேஜைப் போன்ல காட்டினா உக்கார எடம் தர்றேன்.